முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வந்து சேர்ந்த வீடுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாசலில் சாய்த்து வைத்த தேக்குக் கதவு, அதன் காலடியில் பித்தளை அண்டா, அண்டாவுக்குள் அடுக்கிய மங்குத் தட்டுகள். உள்ளே போனால் ஊஞ்சல் பலகை, மரவை, சுவர்க் கடிகாரம், வெற்றிலைப் பெட்டி, கணக்கு மேசை, ரவி வர்மா அச்சுப் படங்கள், தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்கள், பெயர் தெரியாத ஒரு குடும்பத்தின் கல்யாணப் புகைப்படம். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஓட்டல் கட்டுகிறவர்கள், சினிமாவுக்கு அரங்கம் அமைக்கிறவர்கள், புது வீட்டுக்குப் பழைய கதவு தேடுகிறவர்கள், எதையும் வாங்காமல் மணிக்கணக்கில் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அந்தக் கடைசி வகையினரை எனக்குப் பிடிக்கும். நானும் அதில் ஒருவன். ஆனால் நான் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்ப்பவன். பெயர் வெட்டியிருக்கும் இடம் பெரும்பாலும் அடியிலோ விளிம்பிலோதான்.

என் அப்பா பக்கத்து ஊரில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பேரேட்டில் எழுதும் தமிழ் எண்களையும் வீசம், மாகாணி, அரைக்கால் என்ற பின்னக் குறிகளையும் சிலேட்டில் எழுதிக் காட்டி எனக்குப் பழக்கினார். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகும், அந்தப் படிப்பு எனக்குப் பயன்பட்டது இந்தத் தெருவில்தான். இங்கே வந்து சேரும் பொருள்களுக்கு ஒரு நூற்றாண்டுப் பயணம் இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு.

அந்தப் பயணம் கடலுக்கு அப்பால் தொடங்குகிறது. 1852இல் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. ஐராவதியின் கழிமுகத்தில் காட்டையும் சதுப்பையும் திருத்தி வயலாக்கக் குடியானவனுக்குக் கடன் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார வங்கிகள் அவனை வாசலில் சேர்க்கவில்லை; நகரத்தாராகிய செட்டியார்களின் வட்டிக் கடைகள் சேர்த்துக்கொண்டன. 1929-30இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே 1,650 அளவில் செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள் மூன்று வருடக் கணக்குக்குப் போவார்கள். கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது கப்பலில் சாமான்களும் வரும்.

வீடுகள் அந்தப் பணத்தில் எழுந்தவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் முடியும் நீளம். தூணுக்கும் நிலைக்கும் பர்மாத் தேக்கு, தரைக்கு இத்தாலியப் பளிங்கு, சுவருக்கு ஜப்பானியப் பூ ஓடு, பட்டாலைக்கு பெல்ஜியம் கண்ணாடி. இத்தனைக்கும் நடுவில் உள்ளூர்க் கையும் இருந்தது. ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக் கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, நிலைக்கதவில் கஜலட்சுமியைச் செதுக்கிய ஆசாரியின் உளி. வெளிநாட்டுப் பொருளை வியந்து பேசுகிறவர்கள் இந்த ஆசாரிமாரைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போவது எனக்கு எப்போதும் வருத்தம். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் கதவிலும் இல்லை.

வீடு ஆண்கள் பெயரில் இருந்தாலும் அதற்குள் இருந்த சாமானில் பெரும்பகுதி பெண்களுடையது. மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய் கொடுக்கும் சாமானைப் பரப்பி வைத்து உறவுக்காரர்கள் பார்ப்பார்கள். குடம், அண்டா, தவலை, குத்துவிளக்கு, வெள்ளிப் பாத்திரம், மங்குச் சாமான், பீங்கான், பாய், தடுக்கு, ஓலைக் கொட்டான் வரை. எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. பட்டியலுக்கு இரு வீட்டாரும் சாட்சி. அந்தச் சாமான் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் அந்தந்த மருமகளின் அறைக்குள் போய்ப் பூட்டப்படும். சாவி அவள் இடுப்பில். பாத்திரங்களில் விலாசம் வெட்டியிருக்கும். செட்டியார் கடைக்கு அடையாளமான அந்த முதலெழுத்துக் கோவைதான் குடும்பத்துக்கும் அடையாளம். யூகோ நிஷிமுரா என்ற ஜப்பானிய மானிடவியலாளர் நகரத்தார் பெண்களின் சொத்துரிமையைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அது 1998இல் வெளியானது. இந்தத் தெருவில் கதவு விலை பேசுகிற யாரும் அதைப் படித்துவிட்டு வந்தால் நல்லது. அண்டா என்பது சமையல் பாத்திரம் மட்டும் அல்ல, ஒரு பெண்ணின் கைமுதல் என்பது அப்போது விளங்கும்.

மங்குத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பூச்சு உருக்கி ஏற்றிய, நீலமோ பச்சையோ விளிம்பிட்ட தட்டு. சுவீடனிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. அடியில் முத்திரை தெளிவாக இருந்தால் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். செக்கோஸ்லோவாகியா என்று போட்டிருந்தால் அது 1918க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் அந்த நாடே அந்த வருடம்தான் பிறந்தது. இப்படி ஒரு சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு பேரரசு உடைந்த வருடத்துக்குப் போக முடிகிறது. பழைய பொருள் மீது எனக்குள்ள ஆசைக்கு இதுதான் காரணம். அழகு இருக்கிறது, பழமை இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அது ஒரு சாட்சி. சரியான கேள்வியைக் கேட்டால் வாய் திறக்கும்.

பிறகு எல்லாம் சரிந்தது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. 1930 டிசம்பரில் தராவதி மாவட்டத்தில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கலகம் வெடித்தது. கடனைத் திருப்ப முடியாத குடியானவர்களின் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது; 1937இல் அது 25 சதவீதம். பணமாக வர வேண்டியது மண்ணாக வந்து முடங்கியது. பர்மியக் குடியானவனுக்கோ அது தன் பாட்டன் திருத்திய வயல் பறிபோன கதை. அதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தத் தேக்குத் தூண்களின் பெருமையைச் சொல்வது நியாயமில்லை.

1942 மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. கப்பல் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் மலைக்காடு வழியாக நடந்தே அசாமுக்கும் வங்கத்துக்கும் வந்தார்கள். வழியில் செத்தவர்கள் பலர். பர்மா விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிலம் நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையும் எடுத்துக்கொண்டது. என் அப்பா வேலை செய்த வீட்டில் அந்தச் செய்தி வந்த பிறகும் பேரேட்டில் பர்மா நிலுவையைப் புதுக் கணக்குக்குக் கொண்டுவந்து எழுதினார்களாம். வராது என்று தெரிந்த பாக்கியை அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை என்று அப்பா சொல்வார்.

வீடு நின்றது, வருமானம் நின்றுபோனது. அப்போதுதான் விற்பனை தொடங்கியது. அதில் முதலில் போனவை கதவும் தூணும் அல்ல, பெண்களின் சாமான். வெளிச்சத்தில் விற்க யாரும் துணியவில்லை. இருட்டிய பிறகு, பின்கட்டு வழியாக, தெரிந்த ஆள் மூலமாகப் போகும். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவனுக்கும் பங்கு உண்டு. எவர்சில்வர் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், பளபளவென்று இருக்கும் என்று பித்தளையைக் கொடுத்து எவர்சில்வரை எடைக்கு எடை மாற்றினார்கள். அந்த மாற்றத்தைச் செட்டிநாடு மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கச் செய்தது. நாலு தலைமுறை ஆண்ட குடங்களும் தவலைகளும் விலாசத்தோடு உலைக்குப் போயின. அன்று அவற்றுக்கு இருந்த மதிப்பு எடை மட்டும்தான்.

இந்தத் தெரு வியாபாரிகளைச் சிலர் குறை சொல்லிப் பேசுகிறார்கள், வீடுகளைக் கொத்தித் தின்றவர்கள் என்று. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உலைக்குப் போக வேண்டியதை நிறுத்தி வைத்து, இதற்கு எடைக்கு மேல் ஒரு விலை உண்டு என்று முதலில் கண்டுகொண்டவர்கள் அவர்கள். மரவையையும் கொட்டானையும் குப்பைக்குப் போகாமல் எடுத்து வைத்தவர்கள் அவர்கள். படிப்பாளிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே, கண்ணாடிப் படத்தின் பின்பக்கச் சாயம் உரியாமல் எப்படிப் பிடித்துத் தூக்குவது என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

வீடே உடைபடுவது பின்னால் வந்தது. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் இருக்குமிடமே தெரியாது. ஓடு மாற்ற ஒருவரும் பணம் போட மாட்டார்கள். மழைத் தண்ணீர் வளவில் இறங்கும். ஒரு கட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். உடைக்கிற வேலைக்கு ஒரு முறை உண்டு. கண்ணாடியும் விளக்கும் முதலில் இறங்கும். அடுத்தது கதவுகள், ஜன்னல்கள். பிறகு ஓடு, சட்டம், உத்தரம். தூண்களை முட்டுக் கொடுத்து ஒவ்வொன்றாகச் சாய்ப்பார்கள். பளிங்கைப் பெயர்ப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் கடைசி வரை அடம்பிடிக்கும். இப்படிப் போன வீடுகளில் சில வேறு இடத்தில் மறுபடி எழுந்தன. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு அப்படி நிற்கிறது. மற்றவை சிதறிவிட்டன: கதவு ஒரு மாநிலத்தில், தூண் ஒரு கண்டத்தில்.

விலை ஏறினால் போலியும் வரும். பழைய மரத்தில் புதிதாகச் செதுக்கிய கதவுகள் இன்று நிறைய. பழைய கதவுக்குக் கீல் கிடையாது, மேலும் கீழும் குடுமியில் சுழலும். அந்தக் குடுமி ஒரே பக்கம் சாய்ந்து தேய்ந்திருக்கும். தினமும் வாசல் தெளித்த தண்ணீர் பட்டுப்பட்டு அடிப்பாகம் வெளுத்து நார் தெரியும். சாயத்தால் கறுப்பைக் கொண்டுவந்துவிடலாம். அந்தத் தேய்மானத்தைச் செய்ய முடியாது.

உடைபட்ட வீடுகளில் நான் கண்ட கொடுமை வேறு. பரணிலிருந்து காகிதக் கட்டுகள் இறங்கும்: பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை, உண்டியல், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், சம்பளச் சீட்டு, கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம், சாமான் பட்டியல். கதவுக்கு நின்று விலை பேசியவர் காகிதத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அது தராசில் ஏறிப் பழைய பேப்பர்க் கடைக்குப் போகும். ரங்கூன் முகல் தெருக் கோவிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்த ஒரு பெரும் வணிகக் கூட்டத்தின் எழுத்து, கடலைப் பொட்டலமாக மடிந்து போனதை நான் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தத் தெருக் கடையொன்றில் மரப்பெட்டி ஒன்றின் அடியில் விரித்துக் கிடந்தது. பிரமோதூத வருடம் தை மாதம் என்று தலைப்பு. அறுபது வருடச் சுழற்சி என்பதால் இப்படிப்பட்ட தேதி ஏமாற்றக்கூடியது. ஆனால் பட்டியலுக்குள் டார்ச் விளக்கு ஒன்று இருந்தது, அதனால் 1871ஆக இருக்க முடியாது, 1931 ஜனவரி-பிப்ரவரிதான். அதாவது தராவதியில் கலகம் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம். நெல் விலை கவிழ்ந்துகொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்தில் இங்கே ஒரு தாய் தன் மகளுக்கு மங்குத் தட்டு நூற்றொன்று, பித்தளைக் குடம், அண்டா, மரவை, வெள்ளிக் கும்பா என்று இரண்டு பக்கம் நிறையக் கொடுத்திருக்கிறாள். வரப்போவது தெரியாமலா, தெரிந்ததனால்தான் கையில் இருக்கும்போதே கொடுத்தாளா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. அதே தாளின் ஓரத்தில் வேறு மையில், தடுமாறும் பெண் கையெழுத்தில், சில பொருள்களுக்கு எதிரே சிறு கோடும் தொகையும் இருந்தன. முதல் சில தொகைகள் ரூபாய் அணாவில். கடைசி இரண்டு ரூபாய் நயா பைசாவில், அதாவது 1957க்குப் பிறகு. மணப்பெண்ணாக அந்தச் சாமானோடு நின்றவளே அதை ஒவ்வொன்றாகக் கொடுத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறாள், கணக்கையும் விடாமல் எழுதியிருக்கிறாள். செட்டிநாட்டின் ஏற்றமும் இறக்கமும் அந்த ஒரு தாளில் இருந்தது. பெட்டியை வாங்கியவர் தாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் அதை எனக்குச் சும்மாவே கொடுத்தார். பெட்டி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டேன்.

“அதை மட்டும் கேக்காதீங்க சார்,” என்றார். “ஊர் பேரைச் சொன்னா வித்தவங்க மனசு சங்கடப்படும். வெளிய சொல்ல மாட்டோம்னு நம்பித்தானே நமக்குச் சாமான் தர்றாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பின்கட்டு வழியாக விற்ற காலத்து வெட்கம் இன்னும் போகவில்லை. இந்த வியாபாரம் வாய்மூடி இருப்பதில் உயிர் வாழ்கிறது. அதனாலேயே பொருள் தன் ஊரை இழக்கிறது. வாங்குகிறவரும் பளபளப்பைக் கேட்கிறார். பாலிஷ் போடும்போது விலாசம் வெட்டிய எழுத்து மழுங்கி, பிறகு இல்லாமலே போகிறது. அப்புறம் அது வெறும் அண்டா.

காகிதத்தின் மதிப்பை அறிந்த ஒருவர் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா. புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டிப் படம் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபோது அந்தச் சேகரிப்பில் ஒரு லட்சம் அளவுக்கு உருப்படிகள் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது; வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுவியது. அச்சிட்ட தமிழின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று அங்கே போகாமல் எழுத முடியாது. ஒரு தனி மனிதர், தன் கைக்காசில், இந்த மண்ணில் இருந்துகொண்டு இதைச் செய்தார். செட்டிநாட்டின் கையெழுத்துக் கணக்குகளுக்கு அவரைப் போல இன்னொருவர் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் நமக்குப் பர்மா வரலாறு ஆங்கிலேயக் குழு அறிக்கைகளிலிருந்து மட்டும் கிடைக்க வேண்டியிருக்காது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருளைத் தொல்பொருள் என்கிறது; வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டே போதும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1920களில் கட்டிய வீடுகளின் செதுக்குக் கதவுகள் இப்போது ஒவ்வொன்றாக அந்த நூறைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. வியாபாரிகளில் பலருக்கு இது தெரியும், வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியல் நிற்கிற வீட்டைப் பற்றிப் பேசும். இந்தத் தெருவுக்கு வந்துவிட்ட பொருளை யாரும் பேசுவதில்லை.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். விற்கிற வீட்டுக்காரர்களே, உங்கள் பெயர் வேண்டாம். ஊர், வீடு கட்டிய வருடம், அந்தப் பொருள் எந்த அறையில் இருந்தது, இவ்வளவையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பொருளோடு கொடுங்கள். கடைக்காரர்கள் அந்தத் தாளைக் கிழிக்காமல் வாங்குகிறவர் கையில் சேர்க்கட்டும். வாங்குகிறவர்கள் விலாசம் வெட்டிய இடத்தில் பாலிஷ் போட விடாதீர்கள். பரணில் காகிதக் கட்டு இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நூலகத்துக்கோ கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ சொல்லியனுப்புங்கள். தமிழ் எண்ணும் மாகாணிக் கணக்கும் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறோம். கூப்பிட்டால் வந்து படித்துச் சொல்வோம்.